கை தட்டாத மேசை

ஹால்வர் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில் கை தட்டக்கூடாத மேசை ஒன்று உண்டு. ஆடுகளத்தின் ஓரத்தில், நடுக்கோட்டுக்கு நேராகப் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்திருப்பது ஸ்கோர் எழுதுபவரும் கடிகாரம் ஓட்டுபவரும். இருவரும் ஊர்க்காரர்கள்தான். சொந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, நடுவரை முறைக்கக் கூடாது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

க்ளோவிஸ் கில்லரி இருபது குளிர்காலங்களுக்கு மேலாகக் கடிகார நாற்காலியில் இருக்கிறார். பகலில் அவருக்குக் கேஸ் லாரி. சுற்றுவட்டாரத்துப் பண்ணைவீடுகளுக்குப் போய்த் தொட்டிகளில் கேஸ் நிரப்பிவிட்டு வருவது வேலை. சாயங்காலம் ஆட்டம் இருந்தால் விரலிடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். வலது கட்டைவிரல் அந்தக் கறுப்புப் பொத்தானிலேயே குடியிருக்கும். விசில் ஊதினால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், பந்தில் கை பட்டதும் ஓட விட வேண்டும். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மட்டும், பந்து கூடைக்குள் விழுந்தாலே நிறுத்தியாக வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் ஆட்டத்தை ரசிக்கிற ஆளுக்கு அது சரிப்படாது. ரசித்தால் ஆசை வரும், ஆசை வந்தால் விரல் தாமதிக்கும்.

பக்கத்து நாற்காலியில் ஸ்கோர் எழுதுபவர் ஆர்விட். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"யோவ் க்ளோவிஸ், மூச்சாவது விடறியா இல்லையா? இப்படியே செத்துகித்துப் போயிட்டா கடிகாரத்த யாரு நிறுத்தறது?"

"நீதான் மருந்துக்கடைக்காரனாச்சே. அப்பப்ப நாடி பாத்துக்கோ."

"நாடி பாத்தா மட்டும்? அதையும் பொத்தான அமுக்கி நிறுத்தி வச்சிருப்ப."

க்ளோவிஸுக்கும் சேர்த்துக் கத்துவதற்கு அவர் மனைவி மார்லிஸ் இருந்தாள். இடைவேளையில் சோளப்பொரி விற்பாள், ஆட்டம் நடக்கும்போது மேல்வரிசையில் ஏறி நின்றுகொண்டு கூரை அதிரக் கத்துவாள். கூரை ஏற்கெனவே ஒழுகுகிற கூரை. பனி உருகும் நாட்களில் களத்தின் வடக்கு மூலையில் ஒரு வாளி வைத்திருப்பார்கள். வெளியூர் அணிகள் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

இவர்களுடைய ஒரே மகள் மாரிட். உயரத்துக்கு அப்பா, வாய்க்கு அம்மா. ஏழாம் வகுப்பில் பந்தைத் தொட்ட நாளிலிருந்து அவள் ஆடிய எல்லா உள்ளூர் ஆட்டத்துக்கும் க்ளோவிஸ்தான் கடிகாரம். ஹால்வர் மாதிரி ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அதே மேசை, அதே இரண்டு ஆட்கள். அப்படிப் பார்த்தால், பெற்ற மகள் பந்து போட்டதற்கு ஒரு தடவைகூட அவர் கை தட்டியதில்லை. எதிரணி அப்பாக்கள் தட்டினார்கள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் தட்டினார், மகளைப் பிடிக்காதவர்கள்கூட ஒரு மரியாதைக்குத் தட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை.

"உன் கை என்ன, தட்டினா தேஞ்சா போயிடும்?" என்று மார்லிஸ் ஆரம்ப காலத்தில் சண்டை பிடித்தாள். "ஒரு வருஷம் அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடேன்."

"யாருக்குக் குடுக்கறது? போன தடவ நான் காய்ச்சல்ல படுத்தப்போ அந்தப் பேக்கரிக்காரன் உக்காந்தான். பாதி ஆட்டம் கடிகாரமே ஓடல. ஜனங்க நடுராத்திரிக்குத்தான் வீட்டுக்குப் போனாங்க."

வேறொன்று அவர்களுக்குள் இருந்தது. பள்ளி நாட்களில், முதல் கூடை போட்டதும் மாரிட் திரும்பி ஓடிவரும்போது மேசைப் பக்கம் பார்த்தாள். அப்பா சிரிக்கிறாரா என்று பார்த்திருக்க வேண்டும். க்ளோவிஸ் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. ஒரே ஒரு தட்டு. ஆர்விட்டுக்கே கேட்காது. அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கூடை விழும், அவள் பார்ப்பாள், அவர் தட்டுவார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. மறுநாள் காலையில் லாரியில் போகும்போது உள்ளூர் வானொலியில் முந்தைய நாள் ஆட்டத்தைச் சுருக்கமாகப் போடுவார்கள். "மாரிட் கில்லரி, உள்ளே" என்று குரல் வந்தால், இரண்டு பக்கமும் வெட்டவெளியாகக் கிடக்கும் சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, தனியாக உட்கார்ந்து கை தட்டுவார். கையுறையோடு தட்டினால் சத்தம் வராது என்று கழற்றிவிட்டுத் தட்டுவார். வழியில் போகிறவர்கள் பார்த்தால் கை விறைத்துப்போய்ச் சூடேற்றுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு முறையாவது அவள் காதில் விழத் தட்ட வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை. பெரிய ஆசைகளெல்லாம் அவருக்கு முன்பே கழிந்துவிட்டன.

க்ளோவிஸ் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. தென்கோடி லூசியானாவின் சதுப்புநிலத்தில் சோறும் இறாலும் வியர்வையுமாக வளர்ந்தவர். பதினெட்டு வயதில் இந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்துக்காகக் கூட்டிக்கொண்டு வந்தது. ஹால்வரில் அதற்குப் பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள், பெரிய ஸ்கூல் என்றால் போதும். வந்த வருடம் நவம்பரிலேயே பனி கொட்டியது. அவரிடம் இருந்தது அண்ணன் கொடுத்த மெல்லிய ஜாக்கெட். துணிக்கடைக்காரர் ஒருவர், பையன் நடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்து மனசு கேட்காமல் கூப்பிட்டு, கருநீலக் கம்பளிக் கோட்டு ஒன்றைத் தோளில் போட்டு அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை.

அந்தக் காலத்துச் சட்டப்படி அது குற்றம். கல்லூரிக்கு ஆடுகிற பையன் படிப்புச் செலவுக்கு மேல் யாரிடமும் ஒரு வேளைச் சாப்பாடுகூட வாங்கக் கூடாது. அவன் ஆட்டத்தைக் காட்டிச் சீட்டு விற்கலாம், தொலைக்காட்சிக்கு விற்கலாம், சட்டை விற்கலாம். அவன் மட்டும் குளிரில் நடுங்க வேண்டும். யாரோ போட்டுக்கொடுத்தார்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள். கோட்டுக்குக் காசு கொடுத்தாயா என்று கேட்டார்கள். கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கடைக்காரர் அதற்குத் தலையாட்டத் தயாராக இருந்தார். க்ளோவிஸ் இல்லை என்று சொன்னார். அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜனவரி மாதத்துக் குளிரில் கோட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நாசமாய்ப் போன நேர்மை.

ஹால்வர் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. இங்கே ஆடினார், ஆட்டத்தைப் பார்க்க ஐந்நூறு பேர் வந்தால் அது திருவிழா. மார்லிஸைக் கட்டினார், இங்கேயே தங்கிவிட்டார். பெரிய ஸ்கூல் இருக்கும் நகரத்துக்கு லாரி உதிரிபாகம் வாங்கப் போவார். அந்த அரங்கம் இருக்கும் தெரு வந்தால் மட்டும் சுற்றிக்கொண்டு போவார்.

சென்ற பிப்ரவரியில், அந்த வருடத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். ஜெயித்தால் ஹால்வர் பெண்கள் முதல் முறையாகத் தேசியப் போட்டிக்குப் போவார்கள். வாளி வைத்த மூலையைத் தவிர அரங்கத்தில் நிற்க இடமில்லை. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நொடிகள் தீர்ந்துகொண்டிருந்தன. பந்து மாரிட்டிடம் வந்தது. வடக்கு மூலையில், வாளிக்குப் பக்கத்தில் நின்று எம்பினாள். பந்து கூடையின் விளிம்பைக்கூடத் தொடாமல் உள்ளே விழுந்தது.

கடிகாரம் நிற்கவில்லை. நொடிகள் ஓடி முடிந்து சங்கு ஊதிவிட்டது. ஊரே களத்துக்குள் இறங்கியது. எதிரணிப் பயிற்சியாளர் மேசைக்கு ஓடிவந்து, "பந்து விழுந்ததும் ஏன் நிறுத்தல? ஏன் நிறுத்தல?" என்று குதித்தார்.

ஏன் நிறுத்தவில்லை என்பது க்ளோவிஸுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஆர்விட்டுக்கும் தெரியும். பந்து மாரிட்டின் கையை விட்ட அந்தக் கணத்தில் க்ளோவிஸ் ஆட்டம் பார்க்கிறவராகிவிட்டார். பொத்தானில் இருந்த விரல் எழுந்தது, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே வந்தன, உள்ளங்கைகள் ஒன்றை ஒன்று தொடப்போன இடத்தில் சட்டென்று நினைவு வந்து நின்றுவிட்டன. அதற்குள் நேரம் போய்விட்டது.

பெரிய ஸ்கூலாக இருந்தால் நாலு பக்கமும் கேமரா இருக்கும், திரையில் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். ஹால்வரில் கேமரா கிடையாது. கடிகாரக்காரரைத்தான் கேட்க வேண்டும். நடுவர் அம்மாள் மேசையில் கை ஊன்றிக் குனிந்தார்.

"க்ளோவிஸ், பந்து உள்ள விழுந்தப்போ எவ்வளவு இருந்திச்சு? நிச்சயமா தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, ஆட்டம் முடிஞ்சதுதான்."

மார்லிஸ்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். மாரிட் களத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"மூணு நொடி," என்றார் க்ளோவிஸ்.

"நிச்சயமாவா?"

"மூணு."

ஜனங்களைக் களத்திலிருந்து வெளியே அனுப்பி, கடிகாரத்தில் மூன்று நொடியைத் திரும்ப வைத்தார்கள். எதிரணி ஒரு நீளப் பந்து வீசியது, அவர்களுடைய நெட்டைப் பெண் ஒருத்தி அதை எட்டிப் பிடித்துக் கூடையில் போட்டாள். ஹால்வர் ஒரு புள்ளியில் தோற்றது.

ஆர்விட் பேனாவை மூடி வைத்தார். "நீ சொன்னது சரிதான்யா. ஆனா அதுக்காக இந்த ஊர்ல ஒருத்தரும் உனக்குக் கேக்கு சுட்டுத் தரமாட்டாங்க, பாத்துக்கோ."

உண்மைதான். மளிகைக் கடையில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது கிடக்கட்டும். மாரிட் காரில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வாய்க்கு அம்மாவான பெண் ஒரு வாரம் சும்மா இருந்தாள். கையைத் தூக்கியதைச் சொல்லிவிடலாமா என்று க்ளோவிஸ் பலமுறை வாயெடுத்தார். கடிகாரத்தைக் கோட்டை விட்டதற்குச் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டார்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மாரிட் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெரிய ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க."

மார்லிஸ் அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இப்போதெல்லாம் சட்டம் தலைகீழாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு நினைத்தபோது மாறலாம், பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள். ஹால்வரால் கொடுக்க முடிந்தது சாப்பாட்டு அட்டையும் இரண்டு ஜோடிக் காலணியும்தான். அந்த வசந்தத்தில் மட்டும் அணியில் மூன்று பெண்கள் போவதாகச் சொல்லியிருந்தார்கள். "பால் குடி மறக்கிற வரைக்கும் நம்ம தொழுவம், அப்புறம் அவங்க தொழுவம்" என்று பயிற்சியாளர் ஹெய்டி கசந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன தருவாங்களாம்?" என்று கேட்டாள் மார்லிஸ்.

மாரிட் சொன்னாள். மார்லிஸ் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். க்ளோவிஸ் லாரி ஓட்டிச் சேர்ப்பதற்கு எத்தனையோ வருடம் பிடிக்கிற காசு.

க்ளோவிஸ் வெகுநேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "கோட்டு குடுப்பாங்களா?"

"கோட்டா? கோட்டு, காரு, எல்லாந்தான். ஒப்பந்தத்துலயே இருக்குப்பா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்துவிட்டு, எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மார்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்குக் கதை தெரியும்.

"அப்பா, நான் என்ன பண்ணட்டும்?"

இரு என்று சொல்ல வேண்டும்போல் அவருக்கு இருந்தது. இன்னும் இரண்டு குளிர்காலம் இரு, மேசையைப் பார், நான் தட்டுகிறேன் என்று. ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கோட்டுக்காகத் துரத்தப்பட்டவன் எந்த வாயால் அதைச் சொல்வான்?

"போ," என்றார்.

கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். மாரிட் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, சரி என்று கரண்டியை எடுத்தாள். அவள் தன்னை விட்டுத்தான் போகிறாள், அந்த மூன்று நொடியை விட்டுத்தான் போகிறாள் என்று க்ளோவிஸுக்குள் ஒரு முள் தைத்தது. கோடைக்காலம் முழுவதும் அது அங்கேயே கிடந்தது.

நவம்பரில் ஹால்வர் பெண்கள் பெரிய ஸ்கூலுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. இது இரண்டு வருடத்துக்கு முன்பே பேசி முடித்த ஏற்பாடு. பெரியவர்கள் வருடத் தொடக்கத்தில் சின்னவர்களைக் கூப்பிட்டு, தங்கள் அரங்கத்தில் வைத்து நன்றாக அடித்து, அடி வாங்கியதற்கு ஒரு தொகையும் கொடுத்து அனுப்புவார்கள். அந்தத் தொகையில்தான் ஹால்வரின் பஸ் ஓடுகிறது. இதில் வெட்கப்பட யாருக்கும் நேரமில்லை.

ஹெய்டி கேஸ் லாரியை வழிமறித்து ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"க்ளோவிஸ், ஆர்விட்டுக்கு இடுப்பு ஆபரேஷன். நம்ம பக்கத்து ஸ்கோர் எழுத ஒரு ஆள் வேணும். அவங்க மேசையில நம்ம ஆளும் ஒருத்தர் உக்காரணுமில்ல? நீங்க வாங்க."

"அந்த மேசையிலயா?"

"அதே மேசைதான். உங்க பொண்ண நல்லா கிட்டத்துல பாக்கலாம். ஆனா கை தட்டக் கூடாது, அது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல."

அதே வாரம் மாரிட்டிடமிருந்து போன். ஆட்டக்காரர் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய இருக்கையில் இரண்டு சீட்டு எடுத்து வைத்திருக்கிறாளாம். "வருவேல்லப்பா?" என்றாள். "வரேன்," என்றார் க்ளோவிஸ். எங்கே உட்கார்வேன் என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்தார். ஒரு பக்கம் மேசை. இன்னொரு பக்கம் இரண்டு கையும் காலியாக இருக்கிற நாற்காலி. மார்லிஸ் அவர் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போடுவதைப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா அந்த லாரிக்குள்ள உக்காந்து தட்டிக்கிட்டிருந்தியே, போய் அவ முன்னால தட்டேன்," என்றாள். லாரி விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஹெய்டியிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் க்ளோவிஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். வெளிச்சுவர் மட்டும்தான் பழையது. உள்ளே எல்லாம் புதிது. களத்துக்கு மேலே நாலு பக்கமும் திரைகள், ஒவ்வொன்றும் ஒரு தானியக் கிடங்கின் சுவர் அளவுக்கு. அவற்றில் மாரிட்டின் முகம் வந்து வந்து போனது. கீழே ஹால்வர் பெண்கள் போன வருடத்துச் சீருடையில், ஆளுக்கொரு பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய ஸ்கூல்காரிகளுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டவே தனியாக ஆட்கள் நின்றார்கள். மார்லிஸ் ஒரு தோளில் ஹால்வர் சிவப்புத் துண்டும் இன்னொரு தோளில் பெரிய ஸ்கூலின் கருநீலத் துண்டுமாக உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்குக் கத்தப்போற?" என்று கேட்டார் க்ளோவிஸ்.

"பெத்ததுக்குப் பாதி, வளத்ததுக்குப் பாதி."

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாரிட்டுக்குப் பந்து வந்தது. அவளுக்குப் பிடித்த அதே மூலை, இங்கே வாளி மட்டும் இல்லை. எம்பினாள், பந்து உள்ளே விழுந்தது. அரங்கம் இடிந்துவிழுகிற மாதிரி ஒரு சத்தம்.

க்ளோவிஸ் எழுந்து நின்று கை தட்டினார். முதல் தட்டு அவருக்கே விசித்திரமாக இருந்தது. அடுத்தடுத்துத் தட்டத் தட்டச் சூடு பிடித்துக்கொண்டது. உள்ளங்கை எரிய எரியத் தட்டினார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்தால் தட்டுவது நின்றுவிடும் என்று துடைக்கவில்லை.

மாரிட் திரும்பி ஓடிவந்தாள். ஓடிவரும்போது தலை மேசைப் பக்கம் திரும்பியது. அங்கே கடிகாரப் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மேலே இருந்த திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. பழக்கத்தில் பார்த்துவிட்டு, தேடியது இல்லாமல், ஒரு கணம் வெறிச்சென்று ஆன முகம். அவ்வளவு பெரிய திரையில் அதை மறைக்க வழியில்லை. பத்தாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள், ஒருவருக்குத்தான் புரிந்தது.

அடுத்த கூடைக்கும் அவள் மேசையைத்தான் பார்த்தாள். அதற்கடுத்ததற்கும். க்ளோவிஸ் தட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். முன்னால் இருந்த இரும்புக் கம்பியில் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கைத்தட்டலே எட்டாத இடத்துக்கு அது எங்கே எட்டப்போகிறது?

"என்ன, உக்காந்துட்ட?" என்றாள் மார்லிஸ்.

"அவ மேசையப் பாக்கறா."

மார்லிஸ் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். துண்டு இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவளும் கத்தவில்லை. ஹால்வர் தோற்றது. எவ்வளவில் தோற்றது என்று யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து, குடும்பத்தார் காத்திருக்கிற நடைபாதையில் நின்றார்கள். மாரிட் வந்தாள். முழங்கால் வரை இறங்கிய அணிக் கோட்டு போட்டிருந்தாள், கருநீலம். நாற்பது வருடத்தில் நிறம் மாறவில்லை என்று க்ளோவிஸ் பார்த்துக்கொண்டார். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கப்பா இருந்த?"

"அங்க, மேல. நீ குடுத்த சீட்டுல."

"நான் மேசையில தேடினேன். ஆர்விட் வரலேன்னு ஹெய்டி சொன்னா, நீதான் எழுத வந்திருப்பேன்னு நெனச்சேன்."

"இல்லம்மா. மேல உக்காந்து கை தட்டினேன்." கேட்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார், "கேட்டுதா?"

மாரிட் அவரைப் பாவமாகப் பார்த்தாள். "எல்லாரும்தான் தட்டினாங்கப்பா. அதுல உன்னுது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

க்ளோவிஸ் தலையாட்டினார். எரிகிற உள்ளங்கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"பிப்ரவரியில, அந்தக் கடைசி ஆட்டத்துல," என்று ஆரம்பித்தார். "கடிகாரத்த நான் மறக்கல. உன்னோட அந்த ஆட்டத்த நான்தான் கெடுத்தேன், ஆனா..."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"பந்த விட்டதும் நான் அது விழுதான்னு பாக்கல. உன்னத்தான் பாத்தேன். ரெண்டு கையும் மேல வந்துச்சு." அவள் தன் கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி விட்டாள். "இவ்வளவுதான் பாக்கி. அதுக்கப்புறம் தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன? ஒரு வாரம் நான் பேசாம இருந்தது கோவத்துல இல்லப்பா. வாயத் தெறந்தா அழுதுடுவேன்னு இருந்தேன். அப்புறம் அன்னிக்குச் சாப்பாட்டு மேசையில, நீ இரு-ன்னு சொல்லுவேன்னு பாத்தேன். நீ போ-ன்னுட்ட."

அவள் இன்னும் கையை இறக்காமல் அந்த இடைவெளியோடு நின்றாள். அவர் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்து, அவளுடைய கைகளின் இரண்டு பக்கமும் வைத்து, உள்ளே தள்ளினார். உள்ளங்கைகள் சேர்ந்தபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது.

நடைபாதையின் கோடியிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கேமராக்காரர்கள் காத்திருக்கிறார்களாம். "வரேம்ப்பா," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். வெளியே ஹால்வர் பஸ் புறப்படுவதற்கு ஹாரன் அடித்தது. க்ளோவிஸும் மார்லிஸும் தங்கள் காரைத் தேடிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை உள்ளூரில் ஆட்டம் இருந்தது, கடிகாரத்துக்கு ஆள் வேண்டும்.